இன்னும் ஓடும்

விடுமுறை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே சிறுவர் முகம் மலர்கின்றது. பெரியோர் மனமும் அதற்குக் குறையாமலே துள்ளுகின்றது. ஆனால் அவர்கள் அதை வெளியிற் காட்டிக்கொள்வதில்லை. சித்திரை வருடப்பிறப்பு, ஓகஸ்ட் பள்ளி விடுமுறை, மார்கழி இறுதி என ஆண்டில் மூன்று முறை நம் நாட்டு வீதிகள் குடும்பங்களால் நிறைகின்றன. கொழும்பிலே தொழில் பார்ப்போர் யாழ்ப்பாணத்துக்கு வருகின்றனர். யாழ்ப்பாணத்தார் கதிர்காமத்துக்கும் திருகோணமலைக்கும் நுவரெலியாவுக்கும் புறப்படுகின்றனர். புறப்படுமுன் வீட்டிலே நடக்கும் ஆயத்தங்களைச் சொல்லவும் வேண்டுமோ! முறுக்குச் சுட்டுப் பேணியில் அடைக்கப்படுகின்றது. பயற்றம் பணியாரம் தனியாகப் பொதி செய்யப்படுகின்றது. பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகள் அலுமாரியின் அடியிலிருந்து தேடி எடுக்கப்படுகின்றன. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்கப்படுகின்றது. இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே ஒன்றுமட்டும் எவராலும் கவனிக்கப்படாமல் முற்றத்திலே நிற்கின்றது. அதுதான் கார்.

“காருக்கு என்ன? நேற்றும் சந்தைக்குப் போய்வந்ததுதானே?” என்று வீட்டுத் தலைவர் விடை பகர்வார். இந்த விடையிலேதான் ஆபத்துப் பதுங்கியிருக்கின்றது. ஒருவர் இருவருடன் சந்தைவரை ஆறுதலாக ஓடிவரும் கார் வேறு; ஐந்து பேரும் அவர்தம் பெட்டி படுக்கைகளும் ஏற, உச்சி வெயிலிலே நானூறு கிலோமீற்றர் விரைந்தோடும் கார் வேறு. பாரம், வேகம், வெப்பம், தூரம் ஆகிய நான்கும் அன்றாட ஓட்டத்தில் ஒருங்கே சேர்வதில்லை. விடுமுறைப் பயணத்திலே நான்கும் ஒரே நாளிற் கைகோத்துக்கொள்கின்றன. பதினொரு மாதம் ஒளிந்திருந்த குறை பன்னிரண்டாம் மாதத்தில், வீட்டிலிருந்து வெகு தூரத்தில், பிள்ளைகள் பின்னாசனத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் வெளிப்படுகின்றது.

நான் இயந்திர சாத்திரம் கற்றவனல்லன். ஆயினும் கார்களோடும் அவற்றை ஓட்டியவர்களோடும் அறுபது ஆண்டுகாலம் பழகியவன். அப்பழக்கத்தினால் அறிந்தவற்றை, விடுமுறைக்கு ஆயத்தமாகும் குடும்பத்தினருக்குச் சொல்லிவைப்பது பயனுடையதாகுமென எண்ணுகின்றேன்.

பெரியப்பாவின் வலம்

என் பெரிய தகப்பனாரிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. ஆண்டுக்கொருமுறை அக்கார் எங்களைச் சுமந்து கொழும்புக்குப் போகும். பயணத்துக்கு முதல்நாள் மாலை, வெயில் தணிந்த பின்னர், பெரியப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காரைச் சுற்றி வருவார். ஒவ்வொரு ரயரின் அருகிலும் குந்தியிருந்து, அதன் மேற்பரப்பையும் உட்பக்கத்தையும் உள்ளங்கையாலே தடவுவார். எங்கேனும் ஆணி, கண்ணாடித் துண்டு, வெடிப்பு, வீக்கம் அகப்படுகின்றதா என்று கை பார்த்துச் சொல்லும். “தம்பி, மாடும் வாய் திறந்து தன்ரை நோவைச் சொல்லாது, காரும் சொல்லாது. நாங்கள்தான் தடவிப் பாக்கவேணும்” என்பார். பின்னர் கோயிலை வலம்வந்தவர் போல நிறைவோடு எழுந்து கைகழுவுவார். அதன் பின்னரே எங்கள் பெட்டிகளுக்குக் காரில் ஏற உத்தரவு கிடைக்கும்.

அக்காலத்து ரயருக்குள்ளே ரியூப் இருந்தது. ஆணி ஏறினாற் காற்று விரைவிலே இறங்கிவிடும். குறை உடனே தெரிந்துவிடும். இக்காலத்துக் கார்களின் ரயர்களுக்கு ரியூப் இல்லை. ஆணி ஏறினாலும் ரப்பர் அதனை இறுகப் பற்றிக்கொள்ள, காற்று நாட்கணக்கிற் சிறிது சிறிதாகக் கசியும். இது பெரிய வசதிதான். ஆயின் குறையை மறைக்கும் வசதியுமாகும். இன்னுமொன்று. இக்காலத்து றேடியல் ரயர், காற்றுச் சரியாக இருக்கும்போதும் அடியிற் சற்றுப் பிதுங்கியே நிற்கும். ஆகையாற் கண்ணாற் பார்த்தோ, காலால் உதைத்தோ அதன் காற்றை மதிப்பிட இயலாது. பெரியப்பாவின் உள்ளங்கையோடு ஒரு சிறு காற்றழுத்தமானியும் இன்று நமக்கு வேண்டும்.

ஏன் இவ்வளவு கவலை ரயரைப் பற்றி? ஒரு கார் வீதியைத் தொடுமிடம் எவ்வளவென்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பும், அதனுள்ளே உங்கள் குடும்பம் முழுவதும், அந்த நான்கு உள்ளங்கைகளின் மேலேதான் பயணம் செய்கின்றன. பிறேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சாரதி எத்துணை வல்லவராயினும், அவர்கள் செய்வதெல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே வீதியைச் சென்றடைய வேண்டும்.

காற்றுக்கும் கணக்குண்டு

“முப்பது இறாத்தல் அடியுங்கோ” என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்திருப்பது நம்மவர் வழக்கம். எல்லாக் காருக்கும் முப்பது பொருந்தாது. உங்கள் காருக்கு உரிய அளவைக் கார் செய்தவர்களே எழுதி ஒட்டியிருக்கின்றனர். சாரதியின் கதவைத் திறந்தால், கதவுத் தூணிலே ஒரு சிறு தாள் தென்படும். யப்பானிலிருந்து வந்த கார்களில் அது பெரும்பாலும் கிலோபஸ்கால் கணக்கில் இருக்கும். 220 என்றிருந்தால் ஏறத்தாழ 32 இறாத்தல்; 240 என்றிருந்தால் ஏறத்தாழ 35 இறாத்தல். முழுப் பாரத்துக்கெனத் தனி அளவு குறித்திருந்தால், விடுமுறைப் பயணத்துக்கு அதுவே உரியது. ரயரின் பக்கத்திற் பொறித்திருக்கும் பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அது அந்த ரயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய அழுத்தம். உங்கள் காருக்கு வேண்டிய அழுத்தமன்று.

காற்றை அளக்கவேண்டிய நேரம், கார் புறப்படுமுன் ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளை. ஓடிய ரயர் சூடேறும். பத்துப் பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் அழுத்தமும் ஏறும். இதனை அறியாத சிலர், வவுனியாவில் இறங்கி அளந்து, “காற்றுக் கூடிவிட்டது” என்று திறந்துவிடுகின்றனர். மறுநாட் காலையிலே ரயர் குளிர்ந்ததும், காற்றுக் குறைந்த ரயரோடு பயணத்தைத் தொடர்கின்றனர். சூடான ரயரிலிருந்து காற்றை இறக்குதல் ஒருபோதும் கூடாது.

காற்றுக் கூடுவதைவிடக் குறைவதே பெரும்பாலும் கேட்டை விளைக்கின்றது. நல்ல ரயரும் மாதத்துக்கு ஓர் இறாத்தல் அளவு காற்றைத் தானாகவே இழக்கும். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர், சக்கரம் சுழலுந்தோறும் மடிந்து நிமிர்கின்றது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சூடேறி முறிவதைச் சிறுவயதிற் பார்த்திருப்பீர்கள். ரயருக்கு நேர்வதும் அதுவே. பாரமும் வேகமும் அதனைத் துரிதப்படுத்துகின்றன. வெடித்த ரயரைப் பார்த்து “வெயில் வெடிக்க வைத்துவிட்டது” என்கிறோம். வெயிலின் பங்கு சிறிது. காற்றுக் குறைவின் பங்கே பெரிது.

தேயாமலே செத்த ரயர்

ரயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் அழகுக்கு வெட்டப்பட்டவையல்ல. மழை நீரை வெளியேற்றி ரப்பரை வீதியோடு சேர்த்துவைப்பதே அவற்றின் தொழில். பள்ளம் தேய்ந்துவிட்டால், நீரின்மேல் கார் வழுக்கும். ஸ்ரியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்பது பல நாடுகளின் சட்டம். அந்த ஆழத்தில் நிற்கும் சிறு மேடுகளை, ரயர் செய்வோர் பள்ளங்களின் நடுவிலேயே வைத்திருக்கின்றனர். மேற்பரப்பு அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் ரயரின் ஆயுள் முடிந்தது. வீட்டிலே செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. தீக்குச்சி ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புடையது. அதனைப் பள்ளத்திற் படுக்க வையுங்கள். குச்சி மேலே துருத்தி நின்றால் அந்த ரயரோடு நீண்ட பயணம் வேண்டாம். மார்கழி மழையில் வடக்குக்கும் கிழக்குக்கும் வருவோர், மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்தபோதே ரயரை மாற்றுதல் நலம்.

ஆனாற் பள்ளம் ஆழமாக இருப்பதுமட்டும் போதாது. இதனை என் குடும்பம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. என் சிறிய தகப்பனாரின் மகன் வெளிநாட்டிலே வாழ்பவர். ஊரிலுள்ள அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் எப்போதும் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை அவர் வரும்போதே அதற்கு ஓட்டம். 2014ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், தேர் பார்த்தபின், குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்பட்டார். ரயர்கள் புதியன போலவே இருந்தன. பள்ளங்களில் மண்கூடப் படியவில்லை. வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் இடையே, நேரான நல்ல வீதியிலே, பின்பக்க ரயரொன்று வெடித்தது. கார் சுழன்று வீதியை விட்டிறங்கி ஒரு பாலைமரத்தில் மோதி நின்றது. உயிர்கள் தப்பின, அது இறைவன் செயல். ஆயினும் அவருடைய மனைவி இன்றும் கோலூன்றியே நடக்கின்றார். அப்போது ஒன்பது வயதாயிருந்த மகள், அதன்பின் நெடுங்காலம் காரில் ஏற மறுத்தாள்.

அந்தக் காரை ஊருக்குக் கொண்டுவந்தபோது, ரயர் ஒட்டும் கடைக்காரர் ஒருவர் மற்ற மூன்று ரயர்களையும் பார்வையிட்டார். அவற்றின் பக்கத்தில், டி.ஓ.ரி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் இறுதியிலுள்ள நான்கு இலக்கங்களை எனக்குக் காட்டினார். 2803 என்றிருந்தது. 2003ஆம் ஆண்டின் 28ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பின்னர் ரயரைச் சிறிது மடித்துப் பிடித்தார். பக்கச்சுவர் முழுவதும், கோடையிற் காய்ந்த குளத்து மண் போல, மெல்லிய வெடிப்புகள் விரிந்தன. “ஐயா, இது தேயேல்லை. நிண்ட இடத்திலேயே செத்துப்போச்சு” என்றார் அவர்.

ரப்பர் ஒரு மரத்தின் பால். 1876இல் பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலண்டன் கியூ பூங்கா வழியாக நம் நாட்டுக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்திலே நடப்பட்டன. ஆகவே ரப்பர் நமக்குப் புதியதன்று. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி அதனை உறுதியாக்கினாலும், வெயிலும் காற்றும் காலமும் அதனை முதுமைப்படுத்தியே தீரும். கொட்டகையிற் சும்மா நிற்கும் காரின் ரயரும் ஆண்டுதோறும் முதுமையடைகின்றது. ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிப்பிக்க வேண்டும். பத்து ஆண்டு கடந்தால், பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருப்பினும் கழித்துவிட வேண்டும் என்பதே ரயர் செய்வோர் பலர் கூறும் அறிவுரை. பாவித்த ரயர் வாங்குவோரும் முதலில் இந்த நான்கு இலக்கத்தையே பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தில் அது காணப்படாவிடின் உட்பக்கத்தில் இருக்கும்.

ஒரு சொல்லின் வரலாறு

ரயரை மாற்றும்படி சொன்னால் நம்மவர் வாயில் உடனே வரும் சொல் ஒன்றுண்டு: “இன்னும் ஓடும்.” இச்சொல்லை நான் இகழமாட்டேன். அது எங்கள் மண்ணிலே ஒரு காலத்தில் வீரமான சொல்லாக இருந்தது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடையிருந்தபோது, பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை எம் சாரதிகள் கண்டுகொண்டனர். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரயர்களே நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்தன. அன்று “இன்னும் ஓடும்” என்று சொன்னவன் ஊரைக் காத்தவன். பின்னர் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, நாடு முழுவதுமே அச்சொல்லைக் கற்றுக்கொண்டது. தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கிய 2025 பெப்ரவரி வரை, உள்ள கார்களையே யாவரும் ஒட்டித் தைத்து ஓட்டினர்.

ஆயினும் காலமும் வீதியும் மாறியதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அன்று குழியும் மேடுமான வீதியிலே கார் ஊர்ந்தது. ரயர் வெடித்தால் கார் நின்றது, அவ்வளவே. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஏ-9 வீதி, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. பின் அது அகலமாகவும் வழவழப்பாகவும் புதுக்கப்பட்டது. தெற்கே 2011இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலையிலே மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓட அனுமதியுண்டு. வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் கார் நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும். ஊர்ந்து சென்ற காலத்திலே பொருந்திய சொல் நூறு கிலோமீற்றர் வேகத்திலே பொருந்துமோ? வறுமையும் முற்றுகையும் கற்பித்த சிக்கனத்தைச் சமையலறையிலும் உடையிலும் எவ்வளவும் காட்டலாம். பிள்ளைகளைச் சுமக்கும் ரயரிலே காட்டலாகாது.

ஐந்தாவது சக்கரம்

நான்கு ரயரைப் பார்த்தவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகின்றனர். பெட்டிகளுக்கு அடியிற் கிடக்கும் மேலதிக ரயர், ஆண்டுக்கணக்கிற் காற்றிழந்து, வேண்டிய வேளையிற் கைவிடும். அதன் காற்றையும் வயதையும் பாருங்கள். ஜாக்கியும் நட்டுக் கழற்றும் ஸ்பானரும் இருக்கின்றனவா, ஜாக்கி வேலை செய்கின்றதா என்பதையும் முற்றத்திலே ஒருமுறை செய்து பாருங்கள். கராஜ்களில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டுகளைச் சிலவேளை கையாற் கழற்ற முடிவதில்லை. அதனை இருட்டிலே, காட்டு வீதியிலே கண்டறிவது நன்றன்று. சில கார்களில் மெலிந்த தற்காலிகச் சக்கரமே தரப்பட்டிருக்கும். அதனை மாட்டினால் எண்பது கிலோமீற்றர் வேகத்தைக் கடவாமல், அடுத்த கடைவரை மட்டுமே செல்லவேண்டும். அண்மைக் காலத்துச் சிறு கார்கள் பலவற்றில் அதுவும் இல்லை. ஓட்டையை அடைக்கும் பசைப் போத்தலும் சிறு காற்றுப் பம்பியுமே உண்டு. ஆணித் துவாரத்துக்கு அது உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. அந்தப் பசைக்கும் முடிவுத் திகதியுண்டு என்பதை அறிக.

மலை ஏறுவோருக்கு

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும்போது காரின் இயந்திரம் சோதிக்கப்படுகின்றது. இறங்கும்போதோ பிறேக் சோதிக்கப்படுகின்றது. ஏறமுடியாத கார் வழியில் நின்றுவிடும். அதனால் வரும் தீங்கு சிறிது. இறங்கும்போது நிற்கமுடியாத காரின் நிலை என்ன? 2023 சனவரியில் நானுஓயாவின் றதெல்லப் பகுதியிலே, மாணவரின் சுற்றுலாப் பேருந்தொன்று வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். 2025 மே மாதம் கொத்மலைக் கெரண்டியெல்லயிலே பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைவீதியிலே சிறு குறைக்கும் சிறு கவனக்குறைவுக்கும் இடமில்லை என்பதை இவை நெஞ்சில் நிறுத்துகின்றன.

தொடர்ந்து பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிறேக் எண்ணெய் காலப்போக்கிலே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் அந்தச் சூட்டிலே கொதித்துவிட, மிதித்த கால் வெறுமையிலே இறங்கும். ஆகையால் அந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுவித்தல் வேண்டும்; பிறேக் கட்டைகளின் தடிப்பையும் பயணத்துக்கு முன் பார்ப்பித்தல் வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் விதி. ஓட்டோ கியர்க் கார்களிலும் ‘எல்’ அல்லது ‘பி’ என்று குறித்த நிலை அதற்காகவே தரப்பட்டுள்ளது. பிறேக் எரியும் மணம் எழுந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். ஒரு தேநீர் அருந்தும் நேரத்தில் எந்த மலையும் ஓடிவிடாது. மழைக்காலமாயின், மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையைக் கேட்டறிந்த பின்னரே ஏறுங்கள்.

எப்போது பார்ப்பது?

முதல்நாட் பார்ப்பது பெரியப்பா காலத்துக்குப் போதுமாயிருந்தது. இன்று ஒரு வாரத்துக்கு முன்னரே பார்த்தல் வேண்டும். முதல்நாள் மாலையிற் குறையைக் கண்டுபிடித்தால், கடைகள் மூடியிருக்கும்; உறவினர் காத்திருப்பர்; விடுதிக்குப் பணம் கட்டியாகிவிடும். அப்போது அறிவுள்ளவர் வாயிலும் “இன்னும் ஓடும்” என்ற சொல்லே வரும். ஒரு வாரம் இருந்தாற் புதிய ரயர் வாங்க வழியுண்டு. இரண்டு மாத்திரமே வாங்க இயலுமாயின், புதியவற்றைப் பின்பக்கத்திலே பூட்டுங்கள். ஈர வீதியில் காரின் வால் வழுக்காமல் அவையே காக்கும்.

அந்த வாரத்திலேயே இயந்திர எண்ணெய், குளிர்விக்கும் நீர், மின்கலம், விளக்குகள், மழைத்துடைப்பான் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். இயந்திரம் சூடாயிருக்கும்போது நீர்த்தொட்டியின் மூடியைத் திறவாதீர்கள். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் மின்கலத்துக்குக் காற்றுப் புகும் துவாரம் பின்னாசனத்தின் அருகிலிருக்கும். அதன்மேல் தலையணையும் பையும் அடுக்கினால் மின்கலம் வெப்பமேறிக் கெடும். பாரமான பெட்டிகளைக் கீழேயும் ஆசனத்துக்கு அண்மையிலும் வையுங்கள். முன்னிருப்போர் மட்டுமன்றிப் பின்னிருப்போரும் ஆசனப்பட்டி அணிதல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் வழியில் ரயர் வெடிக்குமாயின், பிறேக்கை மிதிக்காதீர்கள். ஸ்ரியரிங்கை இரு கையாலும் இறுகப் பற்றி, நேராகச் செலுத்தி, கால் வேகத்தை மெல்ல விடட்டும். கார் தானாக வேகம் தணிந்த பின், இடப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். இதனைச் சாரதி மாத்திரமன்றி அருகிலிருப்பவரும் அறிந்திருத்தல் நல்லது. திரும்பி வரும் நாளிலும் அதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள். போகும்போது நன்றாயிருந்த ரயரில், தங்கிய ஊரின் கல்லோ ஆணியோ ஏறியிருக்கக்கூடும்.

வீட்டுத் தலைவிமாருக்கும் ஒரு சொல். கார் ஆண்களின் விடயம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். “ரயரின் வயது என்ன? காற்றுப் பார்த்தாயிற்றா? மற்ற ரயர் இருக்கிறதா?” என்று மூன்று கேள்விகளைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர் கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்து அந்த நான்கு இலக்கத்தைப் படிக்கச் செய்யுங்கள். அவர்கள் அதனை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொள்வர். என் தம்பி முறையானவருடைய மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். எந்தக் காரில் ஏறுமுன்னும் அவள் முதலிற் குனிந்து பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான். அவளுக்கு அப்பழக்கம் வந்த வழியில் உங்கள் பிள்ளைகளுக்கு வரவேண்டியதில்லை.

ஏ-9 வீதியாற் போவோர் முறிகண்டிப் பிள்ளையார் முன் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். புறப்படும்போது சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதும் நம் வழக்கம். இவ்வழக்கங்கள் நிலைக்கட்டும். எலுமிச்சம்பழம் வைப்பதற்கு எப்படியும் குனியத்தான் வேண்டும். குனிந்தவர் உடனே எழுந்துவிடாமல், நான்கு சக்கரத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்து, உள்ளங்கையாலே தடவிவிட்டு எழும்புவாராக. உங்கள் விடுமுறை இனிதாக அமைக!